பிறப்பு விகித வேற்றுமை: முன்னேறிய நாடுகளும் முன்னேறி வரும் நாடுகளும்

ஓராண்டில் ஆயிரம் மக்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்னும் கணக்குக்குப் பிறப்பு விகிதம் என்று பெயர். இவ்வெண் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. 2023ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆயிரம் பேருக்கு 6 குழந்தைகளே பிறந்தன. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டில் அதே ஆண்டில் பிறந்தவை 40க்கும் அதிகம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இந்தியா உள்ளது. 2020இல் இந்தியாவின் பிறப்பு விகிதம் 19.5 என மதிப்பிடப்பட்டது.

இத்துணை வேற்றுமைக்குக் காரணம் யாது? தட்பவெப்பம், உணவு, இனம், சமயம் எனப் பலவாறாகக் காரணங்கள் கூறப்பட்டதுண்டு. ஆனால் புள்ளிவிவரங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இக்காரணங்கள் நிலைத்து நிற்பதில்லை. இன்று ஆயிரத்துக்கு 6 குழந்தைகள் பிறக்கும் ஜப்பானில் 1947இல் 34 குழந்தைகள் பிறந்தன. அத்தீவுகளின் தட்பவெப்பமோ, அங்கு வாழும் மக்களின் இனமோ இடைக்காலத்தில் மாறிவிடவில்லை. மாறியவை வாழ்க்கை நிலைமைகளே. எனவே பிறப்பு விகிதத்தை ஒரு நாட்டு மக்களின் பிறவிக் குணமாகக் கருதுவது தவறு. பெரும்பாலான நாடுகள் ஏறக்குறைய ஒரே பாதையில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வேகத்தில் சென்று கொண்டிருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இப்பாதையின் தன்மையை அறிந்து கொள்வது மிக அவசியம். மக்கள் ஏன் அதிகக் குழந்தைகளைப் பெறுகின்றனர் என்பதைத் தவறாகப் புரிந்து கொண்டவர் அவர்களுக்குச் சரியான உதவி செய்ய இயலாது.

அளவுகோல்களும் அவற்றின் வரம்பும்

பிறப்பு விகிதம் கணக்கிடுவதற்கு எளியது. ஆயினும் கவனமாகப் பயன்படுத்த வேண்டியது. ஓர் உதாரணம் கொண்டு இதனை விளக்கலாம். ஆயிரம் பேர் வாழும் இரண்டு கிராமங்களைக் கற்பனை செய்து கொள்க. முதல் கிராமத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் 280 பேர். ஓராண்டில் பிறந்த குழந்தைகள் 20. இரண்டாவது கிராமத்தில் அவ்வயதுப் பெண்கள் 200 பேர். பிறந்த குழந்தைகள் 16. பிறப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவர், முதல் கிராமத்தில் 20, இரண்டாவதில் 16, ஆகவே இரண்டாவது கிராமமே குடும்ப அளவைக் குறைத்துக் கொண்டது என்று முடிவு செய்வார். ஆனால் குழந்தை பெறும் வயதுடைய ஆயிரம் பெண்களுக்கு எத்தனை பிறப்பு என்று கணக்கிட்டால், முதல் கிராமத்தில் 71, இரண்டாவதில் 80 என்று வருகிறது. உண்மையில் இரண்டாவது கிராமத்துப் பெண்களே அதிகக் குழந்தைகளைப் பெறுகின்றனர். அங்கு முதியோர் மிகுந்திருப்பதாலோ, இளம் பெண்கள் வெளியூர் சென்றிருப்பதாலோ மொத்தப் பிறப்பு விகிதம் தாழ்ந்து தோன்றுகிறது.

இறப்பு விகிதத்துக்கும் இது பொருந்தும். 2020இல் கேரளத்தின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 7.0, பீகாரின் இறப்பு விகிதம் 5.4. இதனைக் கொண்டு பீகார் மக்கள் கேரள மக்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று கூற முடியாது. கேரளத்தில் முதியோர் தொகை அதிகம். பீகாரில் சிறுவர், இளைஞர் தொகை அதிகம். முதியோர் மிகுந்த சமுதாயத்தில் இறப்பு எண்ணிக்கை கூடுதலாக இருப்பது இயற்கையே. உலகிலேயே நீண்ட ஆயுள் உடைய மக்களைக் கொண்ட ஜப்பானின் இறப்பு விகிதம் இந்தியாவினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதும் இக்காரணத்தாலேயே.

இக்குறையை நீக்கும் பொருட்டு அறிஞர்கள் ‘மொத்தக் கருவள விகிதம்’ என்ற மற்றோர் அளவைப் பயன்படுத்துகின்றனர். ஓராண்டில் ஒவ்வொரு வயதுப் பெண்களிடையே காணப்படும் பிறப்பு நிலை அப்படியே நீடித்தால், ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகளைப் பெறுவாள் என்பதை இது காட்டுகிறது. இவ்வெண் 2.1 அளவில் இருந்தால், ஒரு தலைமுறை தனக்கு ஈடான அடுத்த தலைமுறையை விட்டுச் செல்லும். ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதையும், பெண் குழந்தைகளுள் சிலர் தாயாகும் வயதுக்கு முன் இறப்பதையும் ஈடுகட்டவே இரண்டுக்கு மேல் சிறு பகுதி சேர்க்கப்படுகிறது. இதற்கு ஈடுசெய் அளவு என்று பெயர். நாடுகளை ஒப்பிடுவதற்கு இதுவே சிறந்த அளவுகோல்.

ஐரோப்பா காட்டும் வரலாறு

பிறப்பு இறப்புக் கணக்குகளை நாடு முழுவதற்கும் முறையாகத் திரட்டிய முதல் நாடுகளுள் ஒன்று ஸ்வீடன். அங்கு 1749 முதல், திருச்சபைப் பாதிரிமார் வைத்திருந்த பதிவேடுகளிலிருந்து கணக்குகள் தொகுக்கப்பட்டன. அக்கணக்குகளின்படி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரம் பேருக்கு 30க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 25க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த நூறாண்டுகளில் இறப்பு விகிதம் சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆனால் பிறப்பு விகிதம் 1870களிலும் 30ஐ ஒட்டியே இருந்தது. அதற்குப் பின்னரே அது இறங்கத் தொடங்கி, 1930களில் 14 அளவுக்கு வந்தது.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1870களின் நடுவில் அங்கு பிறப்பு விகிதம் 36 வரை இருந்தது. 1930களில் 15 அளவுக்குத் தாழ்ந்தது. இவ்வீழ்ச்சி தொடங்கிய காலத்தில் அந்நாட்டில் பல மாறுதல்கள் ஒருங்கே ஏற்பட்டன. குழந்தைகளை ஆலைகளில் வேலைக்கு வைப்பதைச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. 1880இல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இதனால் அதுவரை கூலி ஈட்டித் தந்த குழந்தை, பெற்றோருக்குச் செலவு வைக்கும் குழந்தையாயிற்று. 1877இல் சார்லஸ் பிராட்லா என்பவரும், பிற்காலத்தில் சென்னை அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அன்னி பெசன்ட் அம்மையாரும் கருத்தடை பற்றிய சிறு நூலொன்றை மறுபடியும் வெளியிட்டதற்காக நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். அவ்வழக்கின் காரணமாக அந்நூல் முன்னெப்போதையும்விட மிகுதியாக விற்றது. மக்கள் அத்தகைய செய்தியை நாடிக் காத்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

எனினும் ஒரே காரணத்தைக் கொண்டு ஐரோப்பிய வரலாற்றை விளக்க இயலாது. பிரான்ஸில் தொழிற்புரட்சி பரவுவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிறப்பு குறையத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் இறங்கத் தொடங்கிய பின்னரும் சில பத்தாண்டுகள் சிசு மரணம் உயர்ந்தே இருந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ஸ்லி கோல் என்னும் அறிஞர் ஐரோப்பாவின் நூற்றுக்கணக்கான மாகாணங்களின் கணக்குகளை ஆராயும் பணிக்குத் தலைமை தாங்கினார். பிறப்பு குறைவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அவர் 1973இல் எடுத்துரைத்தார். முதலாவது, எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது தம்பதிகள் சிந்தித்து முடிவு செய்யக்கூடிய பொருள் என்ற எண்ணம் தோன்ற வேண்டும். இரண்டாவது, சிறு குடும்பத்தால் பயன் உண்டு என்று அவர்கள் காண வேண்டும். மூன்றாவது, அதற்கேற்ற வழிமுறைகள் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். எண்ணம், பயன், வழி என்னும் இம்மூன்றில் ஒன்று குறையினும் பிறப்பு விகிதம் எளிதில் இறங்குவதில்லை.

திருமண வயதின் செல்வாக்கு

மேற்கு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே தொடக்கத்திலேயே ஒரு வேற்றுமை இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் சராசரியாக 24, 25 வயதில் மணம் செய்து கொண்டனர்; பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் மணம் செய்து கொள்ளாமலே வாழ்ந்தனர். இதனை ஜான் ஹாஜ்னல் என்னும் அறிஞர் 1965இல் விளக்கிக் காட்டினார். கருத்தடை முறைகள் பரவாத காலத்திலும் அங்கு பிறப்பு விகிதம் 35 அளவைப் பெரிதும் கடக்காமல் இருந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்தியாவின் நிலை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களின் சராசரித் திருமண வயது 13 அளவில் இருந்தது. 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 என நிர்ணயித்தது. 1978இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இது 18 ஆயிற்று. இளவயதில் மணமாகும் பெண்ணுக்குக் குழந்தை பெறும் காலம் நீளுகிறது. தலைமுறைகளுக்கு இடையேயுள்ள காலமும் குறுகுகிறது. தாயின் உடல் முதிர்ச்சி அடையுமுன் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதும், தாய்க்குப் பிரசவத்தில் ஆபத்து நேர்வதும் அதிகம். ஆகவே திருமண வயதை உயர்த்துவது பிறப்பு விகிதத்தைக் குறைப்பதோடு தாய்சேய் நலத்தையும் பேணுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 23 பேர் 18 வயதுக்கு முன்னரே மணமானவர்கள். சட்டம் இயற்றியதோடு பணி முடிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

இறப்பு விரைந்து குறைந்தது

முன்னேறி வரும் நாடுகளில் ஜனத்தொகை வேகமாகப் பெருகியதைக் கண்ட பலர், அங்கு பிறப்பு விகிதம் புதிதாக உயர்ந்துவிட்டது என்று எண்ணினர். இது சரியன்று. பெரும்பாலும் பிறப்பு விகிதம் பழைய நிலையிலேயே இருந்தது. இறப்பு விகிதமே திடீரெனக் குறைந்தது.

இலங்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1946இல் அங்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். டி.டி.டி. மருந்தைத் தெளித்து மலேரியாவைப் பரப்பும் கொசுக்களை ஒழித்ததும், மருத்துவ வசதிகள் பெருகியதும் சேர்ந்து 1949இல் இவ்வெண்ணை 13 அளவுக்குக் கொண்டு வந்தன. ஸ்வீடன் பல தலைமுறைகளில் கடந்த தூரத்தை இலங்கை மூன்றே ஆண்டுகளில் கடந்தது. ஆனால் பிறப்பு விகிதம் அப்போது 40ஐ ஒட்டியே இருந்தது. இந்தியாவிலும் 1951–61 பத்தாண்டில் பிறப்பு விகிதம் 42 அளவிலும், இறப்பு விகிதம் 23 அளவிலும் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 36.1 கோடியாக இருந்த ஜனத்தொகை அப்பத்தாண்டில் 43.9 கோடியாயிற்று.

இவ்வேகத்தின் விளைவை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எளிதில் கணக்கிட்டுக் காட்டலாம். ஜனத்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை வீதம் வளர்கிறதோ, அவ்வெண்ணால் 70ஐ வகுத்தால், அத்தொகை இரட்டிப்பதற்கு ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். பிறப்பு 36, இறப்பு 22 என்றிருந்தால் வளர்ச்சி ஆயிரத்துக்கு 14, அதாவது நூற்றுக்கு 1.4, இரட்டிக்க 50 ஆண்டுகள் ஆகும். பிறப்பு 40, இறப்பு 13 என்றிருந்தால் வளர்ச்சி நூற்றுக்கு 2.7, இரட்டிக்க 26 ஆண்டுகளே போதும். பள்ளிகள், மருத்துவமனைகள், குடிநீர், வேலை வாய்ப்பு ஆகிய அனைத்தையும் ஒரு தலைமுறைக்குள் இரட்டிப்பாக்கினால்தான் பழைய நிலையையாவது காக்க முடியும் என்பது இதன் பொருள். ஐரோப்பிய நாடுகளுக்கு இத்தகைய நெருக்கடி நேரவில்லை. அங்கு இறப்பு மெதுவாகக் குறைந்தது. கோடிக்கணக்கான மக்கள் அமெரிக்கா முதலிய புதிய நிலங்களுக்குக் குடியேறவும் வாய்ப்பு இருந்தது.

பெரிய குடும்பத்தை விரும்பியதற்குக் காரணங்கள்

ஏழை மக்கள் முன்யோசனையின்றிக் குழந்தைகளைப் பெறுகின்றனர் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் வாழ்ந்த நிலைமையை ஆராய்ந்தால் இக்கூற்றின் குறைபாடு தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 200க்கு மேற்பட்டவை முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. எஞ்சியவற்றுள்ளும் பல, அம்மை, வாந்திபேதி, மலேரியா முதலிய நோய்களுக்கு இரையாயின. பிறப்பவருள் பாதிப் பேரே வயது வந்தோராக வளர்வர் என்ற நிலையில், முதுமையில் தம்மைக் காக்க இரு பிள்ளைகளாவது மிஞ்ச வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் நான்கு குழந்தைகளைப் பெற்றாக வேண்டும். அவ்விருவரும் மகன்களாக வேண்டும் எனில் எண்ணிக்கை இன்னும் கூடும்.

மேலும், நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தில் குழந்தை ஆறேழு வயதிலேயே ஆடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், தண்ணீர் சுமந்தும், தம்பி தங்கையரைப் பார்த்துக் கொண்டும் குடும்பத்துக்கு உதவிற்று. ஓய்வூதியம், காப்புறுதி முதலிய ஏற்பாடுகள் இல்லாதவர்களுக்கு மக்களே முதுமைக்கால ஆதரவு. குழந்தை பெறாத பெண்ணைச் சமூகம் இழிவாகக் கருதியதும் ஒரு காரணம். அச்சூழ்நிலையில் பெரிய குடும்பம் பெற்றோருக்கு ஒரு பாதுகாப்பாகவே தோன்றிற்று. இப்பாதுகாப்பைக் கைவிடுமாறு கூறுவதற்கு முன், அதற்கு மாறாக வேறு பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்துள்ளதா என்று கேட்பது முறை.

செல்வம் மட்டுமே காரணமா?

முன்னேறிய நாடுகளில் பிறப்பு குறைவாக இருப்பதால், ஒரு நாடு செல்வமடைந்த பின்னரே பிறப்பு விகிதம் குறையும் என்று முன்னர்ப் பரவலாகக் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகள் பெற்ற அனுபவம் இக்கருத்தைத் திருத்தியமைத்தது.

போரில் நலிவுற்றிருந்த ஜப்பானில் பிறப்பு விகிதம் 1947இல் 34 ஆக இருந்து, 1957இல் 17 ஆகக் குறைந்தது. அந்நாடு பெருஞ்செல்வம் அடைவதற்கு முன்பே, பத்தே ஆண்டுகளில், அது பாதியாயிற்று. எழுத்தறிவு பெற்ற மக்களிடையே சிறு குடும்ப விருப்பம் முன்னரே பரவியிருந்ததும், 1948இல் இயற்றிய சட்டத்தால் கருச்சிதைவு அனுமதிக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள்.

வங்காள தேசத்தின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. 1975இல் அங்கு ஒரு பெண் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பெற்றாள். 2011இல் இது 2.3 ஆயிற்று. இக்காலம் முழுவதிலும் அது வறிய நாடுகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஆனால் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, வெளியே செல்ல இயலாத பெண்களுக்கும் கருத்தடைச் சாதனங்களையும் ஆலோசனையையும் வழங்கினர். குழந்தைகளுக்குத் தடுப்பூசியும், பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் பரவலாகக் கிடைத்தன. பெண் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர்.

இந்தியாவுக்குள்ளேயே இவ்வுண்மையைக் காணலாம். மொத்தக் கருவள விகிதம் கேரளத்தில் 1988இலும், தமிழ்நாட்டில் 1993இலும் ஈடுசெய் அளவுக்கு இறங்கிற்று. அப்போது கேரளம் வருமானத்தில் முன்னணியில் நின்ற மாநிலமன்று. பெண் கல்வி, குழந்தைகளின் உயிர்ப் பாதுகாப்பு, எட்டும் தொலைவில் மருத்துவ வசதி ஆகியவற்றில் முன்னணியில் நின்றது. 2020இல் அங்கு ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 6. மத்தியப் பிரதேசத்தில் 43. அதே ஆண்டில் மொத்தக் கருவள விகிதம் தமிழ்நாட்டில் 1.4, கேரளத்தில் 1.5, பீகாரில் 3.0. முன்னேறிய நாடுகளுக்கும் முன்னேறி வரும் நாடுகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஒரே நாட்டின் எல்லைக்குள் அமைந்திருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

காரணங்களுள் பெண் கல்விக்குத் தனி இடம் உண்டு. 2019–21 ஆய்வின்படி, பள்ளிக்கே செல்லாத பெண்களின் கருவள விகிதம் 2.8; பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களின் விகிதம் 1.8. கல்வி கற்ற பெண் சற்றுத் தாமதமாக மணம் செய்து கொள்கிறாள். மருத்துவ நிலையத்துக்குத் தானே செல்லத் துணிகிறாள். அவளுடைய குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். குடும்ப முடிவுகளில் அவள் சொல்லுக்கும் மதிப்புண்டு. எண்ணம், பயன், வழி ஆகிய மூன்று நிபந்தனைகளும் அவளிடத்தில் ஒன்று சேருகின்றன.

வற்புறுத்தலும் விருப்பமும்

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக 1952இல் ஏற்றுக்கொண்ட இந்தியா, உலக நாடுகளுள் இத்துறையில் முன்னோடியாகும். அதற்கும் முன்னரே, 1930இல், மைசூர் சமஸ்தானம் அரசாங்க மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களுக்கு அனுமதி அளித்திருந்தது. எனினும் இத்திட்டத்தின் வரலாற்றில் மறக்கக் கூடாத பகுதி ஒன்றுண்டு. நெருக்கடி நிலை நிலவிய 1976–77ஆம் ஆண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. இவற்றுள் பல, வற்புறுத்தலாலும், ஊழியர்களுக்கு விதிக்கப்பட்ட இலக்குகளின் நெருக்குதலாலும் நடந்தவை. அதனால் மக்கள் கொண்ட அச்சம் சுகாதார ஊழியர்மீதே அவநம்பிக்கையாகத் திரும்பிற்று. அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை பெரிதும் வீழ்ந்தது. 1996இல் ஊழியர்களுக்கு மேலிடத்திலிருந்து இலக்கு விதிக்கும் முறை கைவிடப்பட்டது.

சீனாவின் அனுபவமும் ஆராயத்தக்கது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்னும் விதி 1980ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்து 2015 வரை நீடித்தது. ஆனால் 1970இல் ஆறை நெருங்கியிருந்த அந்நாட்டின் கருவள விகிதம், அவ்விதி வருவதற்கு முன்பே மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அக்கால இயக்கத்திலும் நெருக்குதல் இருந்தது உண்மையே. எனினும், பெரும்பங்கு வீழ்ச்சிக்கு ஒரு குழந்தை விதியைக் காரணமாகக் கூற முடியாது என்பது தெளிவு. கேரளமும் தமிழ்நாடும் அத்தகைய விதி எதுவுமின்றியே ஈடுசெய் அளவை அடைந்தன.

குடும்பம் சிறுத்தாலும் மகன் வேண்டும் என்ற விருப்பம் மாறாதிருப்பின் வேறொரு தீமை விளைகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் சிறுவர்களுக்கு 919 சிறுமியரே இருந்தனர். கருவிலுள்ள குழந்தை பெண் என்றறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. கருத்தடைப் பொறுப்பு முழுவதும் பெண்கள் மீதே சுமத்தப்படுவதும் கவனிக்கத்தக்கது. 2019–21 ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டிருந்தனர். ஆண்களின் அறுவைச் சிகிச்சையைச் சார்ந்திருந்த தம்பதிகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆணுக்குச் செய்யப்படும் சிகிச்சையே எளியது என்பதை ஊழியர்கள் எடுத்துக் கூற வேண்டும்.

இன்றைய நிலை

1950களில் உலகப் பெண்கள் சராசரியாக ஐந்து குழந்தைகளைப் பெற்றனர். ஐக்கிய நாடுகள் சபையின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இவ்வெண் 2.3க்குச் சற்றுக் குறைவு. முன்னேறிய நாடு, முன்னேறி வரும் நாடு என்ற பழைய பிரிவினை பிறப்பு விகிதத்தைப் பொறுத்தவரை பெரிதும் மங்கிவிட்டது. 1960ஐ ஒட்டி ஆறு குழந்தைகள் பெற்ற தென் கொரியப் பெண்களின் சராசரி 2023இல் 0.72 ஆயிற்று. ஜப்பானில் அது அதே ஆண்டில் 1.20. அங்கெல்லாம் வேலைக்குச் செல்லும் பெண்களின் இரட்டைச் சுமை, வீட்டு வாடகை, கல்விச் செலவு ஆகியவற்றால் இளைஞர்கள் மணத்தையே தள்ளிப் போடுகின்றனர்; முதியோரைக் காக்கப் போதிய இளைஞர் இல்லை என்ற கவலை எழுந்துள்ளது. தமிழ்நாடும் கேரளமும் இக்கேள்வியை எதிர்நோக்குகின்றன. மறுபுறம், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் சராசரி இன்னும் நான்குக்கு மேலேயே உள்ளது. அங்கும் அது குறைந்து வருகிறது.

இந்தியாவில் கருவள விகிதம் 2.0க்கு வந்தபின்னும் ஜனத்தொகை பெருகுவது பலருக்கு வியப்பளிக்கலாம். 2020இல் ஆயிரத்துக்குப் பிறப்பு 19.5, இறப்பு 6.0, ஆகவே வளர்ச்சி 13.5. முந்தைய பத்தாண்டுகளில் மிகுதியாகப் பிறந்தவர்கள் இன்று தாய் தந்தையராகும் வயதில் இருப்பதே இதற்குக் காரணம். ஒவ்வொருவரும் இரு குழந்தைகளோடு நிறுத்திக் கொண்டாலும் பெற்றோரின் தொகை பெரிதாகையால் பிறப்புகளும் பலவாகின்றன. ஓடும் வண்டியை நிறுத்தக் கட்டை போட்ட பின்னும் அது சற்றுத் தூரம் உருண்டே நிற்பதைப் போன்றது இது. 2060களின் தொடக்கத்தில் 170 கோடியை எட்டிய பின்னரே இந்திய ஜனத்தொகை இறங்கத் தொடங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2024இல் கணித்துள்ளது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, கணக்கு சரியாக இருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். பிறந்த சில நாட்களிலேயே இறந்த குழந்தையின் பிறப்பும் இறப்பும் விடுபட்டுப் போவதே மிகுதி. இவ்விரண்டும் பதிவாகாவிடில், எங்கு உதவி தேவை என்பதே மறைந்து போகும். நாட்டின் பிறப்பு விகிதத்தைக் கணிக்கும் மாதிரிப் பதிவுத் திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பதிவாளராகப் பெரும்பாலும் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களுமே பணிபுரிகின்றனர். அவர்கள் ஏட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் தேசியப் புள்ளிவிவரத்தின் அடிப்படையாகிறது.

இரண்டாவதாக, தடுப்பூசியும், பேறுகால உதவியும், தாய்ப்பாலின் சிறப்பை எடுத்துரைப்பதும் பிறப்பு விகிதத்தோடு தொடர்பற்ற தனிப் பணிகள் அல்ல. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்ட வீட்டில்தான் சிறு குடும்பத்தைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு. தாய் முழுமையாகத் தாய்ப்பால் ஊட்டுவதால் அடுத்த கருத்தரிப்பு ஓரளவு தள்ளிப் போவதும், குழந்தைகளுக்கிடையே போதிய இடைவெளி அமைவதும் இருவருக்கும் நலம் தருவன. ஆயினும் தாய்ப்பாலை மட்டும் நம்பியிருப்பது நிச்சயமான முறையாகாது என்பதையும் தாய்மாருக்கு விளக்க வேண்டும்.

மூன்றாவதாக, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிற்க இருக்கும் ஒரு சிறுமியை மேல் வகுப்பில் தொடரச் செய்யும் ஆசிரியர், அவளது திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடுகிறார். அவளுக்குப் பிறக்கப் போகும் குழந்தைகளின் உயிருக்கும் பாதுகாப்புத் தேடித் தருகிறார்.

இறுதியாக, தேவையான முறைகள் அனைத்தையும் விளக்கி, எதனை ஏற்பது, எப்போது ஏற்பது, ஏற்பதா வேண்டாமா என்னும் முடிவைத் தம்பதிகளிடமே விடுதல் வேண்டும். கருத்தடை செய்ய விரும்பியும் வசதி கிட்டாத மணமான பெண்கள் நூற்றுக்கு 9 பேர் இருப்பதாக 2019–21 ஆய்வு கூறுகிறது. தயங்கி நிற்பவர்களை நெருக்குவதைக் காட்டிலும், விரும்பிக் காத்திருக்கும் இப்பெண்களின் வீட்டுக்கு முதலில் செல்வதே ஊழியரின் கடமையாகும். அவர்கள் ஊரிலேயே அச்சாதனங்களும், நம்பிக்கைக்குரிய ஆலோசனையும் தவறாமல் கிடைக்குமாயின், எஞ்சியுள்ள வேற்றுமையில் ஒரு பகுதி குறைந்துவிடும்.